ஏழரைக் கட்டை கிடையாது

"முதல் தந்தியைத் தொடு தம்பி" என்றார் மாஸ்டர். பையன் மடியில் கிடந்த கிட்டாரில் கண்ணுக்கு நேராகத் தெரிந்த தடித்த தந்தியைத் தொட்டான். மாஸ்டர் தலையை ஆட்டினார். "அது ஆறாவது. முதல் தந்தி கீழே, தரையைப் பார்த்த மாதிரி இருக்கு பாரு, அது." அடுத்து "மேல போ" என்றார். அவன் இடக்கையை முறுக்காணிகள் இருக்கும் தலைப்பக்கம் நகர்த்தினான். அதுவும் தப்பு. கிட்டாரில் சுருதி உயரும் திசைதான் மேல்; கை ஒலித்துளையை நோக்கி இறங்கி வந்தால்தான் மேலே போனதாகக் கணக்கு. 1985 கோடை விடுமுறையில், திருச்சி பொன்மலை ரயில்வே காலனியின் ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் ஒன்றில் முதல் பாடம் இப்படித் தொடங்கியது. அவனுக்கு அப்போது 14 வயது.

கிட்டார் பிடிக்கவேண்டும் என்ற ஆசை 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டிலிருந்து வந்தது. 1980இல் வந்த படம்; ஐந்து வருடம் கழித்தும் டீக்கடை வானொலியில் அந்தப் பாட்டின் ஆரம்பக் கிட்டார் ஒலித்தால் அவன் சைக்கிளை நிறுத்திவிடுவான். அதைப் போட்ட இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்று பத்திரிகையில் படித்திருந்தான். பண்ணைப்புரத்திலிருந்து போனவரால் முடிந்தது என்பது அவனுக்குப் பெரிய தைரியம்.

அவனுடைய மாஸ்டர் ஆங்கிலோ இந்தியர். 1928 முதல் பொன்மலையில் இயங்கிவரும் ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் சரளமாகப் பேசுவார். இசையை மட்டும் ஆங்கிலச் சொற்களில்தான் சொல்ல வரும். அவர் அப்பாவிடம் கற்றதே லண்டன் தேர்வுக்கான தியரிப் புத்தகத்தை வைத்துத்தான்.

தமிழ்வழியில் படித்த பையனுக்கு அந்தச் சொற்கள் புதியவை என்றால்கூடச் சமாளித்திருப்பான். எல்லாமே வேறு அர்த்தத்தில் முன்பே தெரிந்தவையாக இருந்தன. ஸ்கேல் என்றால் ஜியோமெட்ரி பாக்ஸில் இருப்பது. கீ என்றால் சாவி. இண்டர்வெல் என்றால் தியேட்டரில் முறுக்கும் கோலிசோடாவும். ஷார்ப், பென்சில் முனை. ஃபிளாட், மெட்ராஸில் சித்தப்பா குடியிருப்பது. மேஜர் என்றால் நடிகர் சுந்தர்ராஜன். மைனர் என்றால் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ஊர் சுற்றும் பணக்காரப் பிள்ளை. மாஸ்டர் 'சி மேஜர் ஸ்கேல்' என்று சொன்னால் அவன் மனதில் எழுந்த படம் எதற்கும் கையில் இருந்த கருவியோடு சம்பந்தமில்லை.

ஆனால் ஒன்று: ஸ்கேல் விஷயத்தில் அவன் நினைத்தது முழுக்கப் பிழையில்லை என்று பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டான். லத்தீனில் 'ஸ்காலா' என்றால் ஏணி. படிப்படியாகக் கோடு போட்ட அளவுகோலுக்கும், படிப்படியாக ஏறும் சுர வரிசைக்கும் அந்த ஏணிதான் பெயர் கொடுத்தது. ஆரோகணம் என்ற சொல்லுக்கும் ஏறுதல் என்றுதான் பொருள். ஏறு நிரல், இறங்கு நிரல் என்று தமிழிசைக்காரர்கள் இன்னும் நேராகவே சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லை ஏணி என்று யாராவது சொல்லியிருந்தால் போதும், முதல் வாரமே அவன் விரல் ஏறியிருக்கும்.

காலக் கணக்கின் பெயர்களில் இன்னும் அதிகம் தடுமாறினான். செமிபிரீவ், மினிம், குரோச்செட், குவேவர். நாலு எண்ணும்வரை நிற்பது செமிபிரீவ். அதில் பாதி மினிம். அதிலும் பாதி குரோச்செட். அகராதியில் பார்த்தால் 'செமி' என்றால் பாதி, 'பிரீவ்' என்றால் குறுகியது. இருப்பதிலேயே நீளமான சுரத்துக்கு ஏன் 'அரைக் குறுக்கம்' என்று பெயர்? மாஸ்டர் யோசித்துப் பார்த்து, "எனக்கும் சொல்லித் தரலப்பா" என்றார்.

விடை ஐரோப்பாவின் பழைய தேவாலய இசையில் இருந்தது. அங்கே முதலில் இருந்த அளவுகள் முக்கியமாக இரண்டு: லோங்கா, பிரெவிஸ். நம் கணக்கில் நெடில், குறில். இன்னும் வேகமான சுரங்கள் தேவைப்பட்டபோது குறிலைப் பிளந்து செமிபிரெவிஸ் வந்தது. அதையும் பிளந்து, இதற்குமேல் சிறியது கிடையாது என்ற நம்பிக்கையில் 'மினிமா', மிகச் சிறியது, என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் கீழே தேவைப்பட்டது. எழுதிய சுரத்தின் வாலில் கொக்கி போட்டார்கள். குரோச்செட் என்றால் சிறு கொக்கி; குவேவர் என்றால் நடுக்கம். சுரங்கள் பெருகப் பெருகப் பழைய நெடில் ஏட்டைவிட்டே போய்விட, அரைக் குறில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று இலக்கண வகுப்பில் ஒப்பித்த பையன் அவன். இந்தக் கதையை அவனைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ளக்கூடிய மாணவன் லண்டனிலேயே இருந்திருக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து வந்த பெரியம்மா மகன், சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளுக்கான புத்தகம் ஒன்று கொடுத்தார். அதில் குரோச்செட் இல்லை. குவார்ட்டர் நோட் இருந்தது. டோன் இல்லை, ஹோல் ஸ்டெப் இருந்தது. பார் இல்லை, மெஷர் இருந்தது. இவை வேறு ஏதோ கூடுதல் பாடம் என்று நினைத்து அவன் இரண்டு பட்டியலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தான். முழுசு, அரை, கால், அரைக்கால் என்று பின்னத்தால் பெயரிடும் அமெரிக்க வழி ஜெர்மானியரிடமிருந்து போனது என்பதும், இரண்டும் ஒன்றே என்பதும் தெரிய மூன்று மாதம் ஆனது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பின்ன வழியே நல்லது என்பது இன்றும் அவன் எண்ணம்.

'பார்' படுத்திய பாடு தனி. தாளக்கட்டின் ஒரு சுற்றும் பார்; ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்துவதும் பார். எஃப் மேஜரைப் பிடிக்க விரல் கன்றிப்போய், கண்ணில் நீர் முட்டி உட்கார்ந்திருந்தபோது, "நாலு பார் விட்டுட்டு உள்ள வா" என்று மாஸ்டர் சொன்னால், எதை விடுவது என்று தெரியாமல் அவன் கையையே எடுத்துவிடுவான்.

விடுமுறை முடியும் முன்பு, தஞ்சாவூர் மேல வீதியில் இருந்த அத்தை வீட்டுக்குக் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் போனான். அத்தை வீணை வாசிப்பார். பலா மரத்தில் செய்த வீணை. கறுத்த மெழுகின் மேல் 24 வெண்கலக் கம்பிகள். கிட்டாரை மடியில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூர்வீக வீட்டுக்கு வந்த புது மருமகளை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இதுக்கு என்னடா பேரு?"

"ஃபிரெட், அத்தை."

"மெட்டு. இது?"

"பிரிட்ஜ்."

"குதிரை. இந்தத் தலைமாட்டுல தந்தி ஏறி உக்காருதே, இது?"

"அது நட்."

"எங்களுக்கு மேரு. இந்தத் திருகாணி?"

"டியூனிங் கீ, அத்தை."

"பிரடைன்னு சொல்லு. எல்லாம் இருக்கே! பின்ன என்ன புரியலேங்கற?"

மெட்டு என்ற சொல் அவனை அசைத்துவிட்டது. பாட்டுக்கு மெட்டுப் போடுவது தெரியும். விரல் மிதித்து ஏறும் அந்தக் கம்பிக்கும் அதே பெயர் என்பது தெரியாது. பிரிட்ஜ் என்றால் ரயில் ஓடும் பாலம் என்றே நினைத்திருந்தவனுக்கு, தந்தியைச் சுமந்துகொண்டு நிற்கும் குதிரை உடனே கண்ணில் தெரிந்தது.

சுருதி சேர்ப்பதை அவன் அத்தைக்குச் செய்து காட்டினான். மாஸ்டர் கொடுத்த இசைக்கவையை முழங்காலில் தட்டி, அடிக்காம்பைக் கிட்டார் பலகையில் வைத்தால் ஏ ஒலிக்கும்: விநாடிக்கு 440 அதிர்வு. ஐந்தாவது தந்தியின் ஏ அதற்கு இரண்டு ஸ்தாயி கீழே, 110. அங்கிருந்து, ஒவ்வொரு தந்தியையும் ஐந்தாவது மெட்டில் அழுத்தி அடுத்த தந்தியோடு சேர்ப்பது வழக்கம். மூன்றாவது தந்தியில் மட்டும் நாலாவது மெட்டு. "அது ஏன் அங்க மட்டும் ஒண்ணு குறையுது?" என்று அத்தை கேட்டார். அவனுக்குத் தெரியாது. பிறகு தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். எல்லாத் தந்தியும் ஐந்தைந்து மெட்டு இடைவெளியில் போனால் ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று முடியும். இரு ஓரத் தந்திகளும் ஒன்றோடொன்று முட்டும். ஓர் இடத்தில் ஒரு மெட்டைக் குறைத்தால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கீழ் ஈ 82, மேல் ஈ 330 அதிர்வு அளவில், சரியாக இரண்டு ஸ்தாயி. கார்டுகள் கைக்குள் அடங்குவது அந்த ஒரு விட்டுக்கொடுப்பால்தான்.

பிறகு ஈ மேஜர் கார்டை மீட்டினான். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். "ஸ, க, ப மூணும் சேர்ந்து கேக்குது. நல்லாத்தான் இருக்கு. காந்தாரம் ஒரு இழை ஏறியிருக்கு, சேத்துப் பாரு." எத்தனை முறை சேர்த்தாலும் அது இறங்கவில்லை. அது அவன் பிழையில்லை. கிட்டாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டுகின்றன. ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வு 1.0595 மடங்கு ஏறும். அந்தச் சமப் பங்கீட்டில் மேஜர் மூன்றாம் சுரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடி நிற்கும். ஓர் அரைச்சுரம் என்பது 100 சென்ட். நல்ல தம்புராவில் ஸட்ஜத் தந்திக்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் தானாக எழும். அதில் பழகிய காது அத்தையுடையது. கருவிக்கும் காதுக்கும் நடுவில் இருந்த அந்த 14 சென்டை, சென்ட் என்ற சொல்லே தெரியாமல், அவர் கேட்டுவிட்டார்.

"இப்ப இதைக் கேளுங்க" என்று அவன் ஆள்காட்டி விரலை மூன்றாவது தந்தியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி மீட்டினான். ஈ மைனர். அத்தை சட்டென்று கண்ணைத் திறந்தார். "சாதாரண காந்தாரம் ஆயிடுச்சு! ஒரு விரலை எடுத்ததுக்கா இவ்வளவு இருட்டிடுச்சு?" மேஜர், மைனர் என்றால் என்ன என்று அவனுக்கு அந்த நொடிதான் விளங்கியது. மேஜரில் காந்தாரம் பெரிது, மைனரில் ஒரு மெட்டுச் சிறிது. லத்தீனிலும் அந்தச் சொற்களுக்கு அவ்வளவுதான் பொருள்.

கட்டைக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மெல்லிசைக் குழு. ஆயுத பூஜைக்குக் கச்சேரி. திருச்சியில் ஒரு மாடியில் ஒத்திகை. கிட்டார் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. பாடகர் வந்ததும், "எனக்கு நாலு கட்டை போதும்ணே, தொண்டை சரியில்ல" என்றார். கிட்டார் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கேப்போ என்ற கவ்வியை எடுத்து மூன்றாவது மெட்டில் எல்லாத் தந்திக்கும் குறுக்கே மாட்டினார்; விரல்கள் வழக்கமான டி கார்டிலேயே இருந்தன. ஒலித்தது எஃப்.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. எந்தத் தியரிப் புத்தகமும் படிக்காத பாடகர்கள், நாதஸ்வரக்காரர்கள், பஜனைக்காரர்கள் எல்லோரும் 'கீ' என்ற சொல்லை இந்த எண்களால் தாண்டிப் போயிருந்தார்கள். பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

"மூன்றரை எங்கண்ணே?"

"மூன்றரை கிடையாது தம்பி. ஏழரையும் கிடையாது. ஏழரை சனீஸ்வரனுக்குத்தான்."

சிரிப்புக்கு நடுவில் அவன் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஈக்கும் எஃபுக்கும் நடுவே ஒன்றும் இல்லை, பிக்கும் சிக்கும் நடுவே ஒன்றும் இல்லை என்று மாஸ்டர் மாதக்கணக்கில் சொன்னது அதுதான். சங்கராபரணத்தில் காந்தாரமும் மத்தியமமும் ஒட்டி நிற்கும், நிஷாதமும் மேல் ஸட்ஜமும் ஒட்டி நிற்கும் என்று அத்தை சொன்னதும் அதுதான். மூன்றரை இல்லாத இடமும் ஏழரை இல்லாத இடமும். மூன்று பேர் மூன்று மொழியில் ஒரே ஏணியைக் காட்டியிருந்தார்கள்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து இரண்டாவது தந்தியில் மட்டும் வாசித்தான். 1, 3, 5, 6, 8, 10, 12, 13 ஆகிய மெட்டுகள். எங்கே ஒரு மெட்டு தாண்டுகிறது, எங்கே ஒட்டி நிற்கிறது என்று கண்ணே பார்த்தது. சி மேஜர் ஸ்கேல். சங்கராபரணம். ஒரு கட்டையிலிருந்து மேல் ஒரு கட்டை வரை. கிட்டார் கற்க வரும் பிள்ளைக்கு ஆறு தந்தியிலும் குறுக்கே ஓடும் வடிவத்தை முதலில் கொடுக்கும் வழக்கத்தை அவனால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஒரே தந்தியில் ஏறவிட வேண்டும். ஏணியின் எந்தப் படி குட்டை என்று கால் அறிந்த பிறகு பெயர் வரட்டும்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. 'ரிலேட்டிவ் மைனர்' என்று மாஸ்டர் சொன்னபோது, சி மேஜருக்கு ஏ மைனர் எப்படிச் சொந்தம் என்று அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டான். பதில் ஒரு இன்லண்டு லெட்டரில் வந்தது: சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்து அதே சுரங்களை வாசி, நடபைரவி வரும், இதற்குக் கிரக பேதம் என்று பெயர். வாசித்தான். வந்தது. 'என் இனிய பொன் நிலாவே' நடமாடுவதும் அந்த நடபைரவியின் சுரங்களில்தான். பண்ணைப் பெயர்த்து வேறு பண் எடுக்கும் இந்த வித்தை தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்தின் பெயரோடு வட்டமாக நிற்கிறார்கள். அந்தக் கணக்குகளை எல்லாம் ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் வாழ்ந்ததும் அத்தையின் தஞ்சாவூரில்தான். பொன்மலைக்கும் அவர் ஊருக்கும் ஒரு மணி நேர ரயில் தூரம்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சமன் செய்துவிட முடியாது என்பதையும் அத்தைதான் காட்டினார். லிடியன் மோடும் கல்யாணியும் ஒன்றே என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அந்த ஏழு சுரத்தையும் அவன் நேர்நேராக வாசித்துக் காட்டினான். "படிக்கட்டு சரி, கல்யாணி இன்னும் வரலியே" என்றார். வீணையை எடுத்து, ஒரே மெட்டில் தந்தியை ஒதுக்கி இழுத்து அடுத்த இரண்டு சுரத்தையும் அசைத்துக் காட்டினார். ராகம் அந்த இழுப்பில் இருந்தது. அதேபோல் கார்டு என்ற சொல்லுக்கும் புழங்கும் தமிழ்ச் சொல் எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வேண்டியதும் இல்லை. மெல்லிசை மேடையில் எல்லோரும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள்; அது நம்மிடம் இல்லாத பொருள், தன் பெயரோடேயே வந்து சேர்ந்திருக்கிறது.

1986 பொங்கலை ஒட்டி மாஸ்டர் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் வந்தார். பையன் பிடிவாதமாக அவரை மேல வீதிக்கு அழைத்துப் போனான். "வாங்க சார்" என்று அத்தை பாய் விரித்தார். மாஸ்டர் காபி குடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பணிமனைக் காலத்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். முதலில் கிட்டார். மேருவிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை 325 மில்லிமீட்டர். அங்கிருந்து குதிரை வரை அதே 325, ஓரிரு மில்லிமீட்டர் கூட. தந்தியை அழுத்தும்போது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும், அதற்கு ஈடு அந்தக் கூடுதல். முதல் மெட்டு மேருவிலிருந்து 36.5 மில்லிமீட்டர், அடுத்தது அதிலிருந்து 34.4; அதற்கடுத்தது இன்னும் குறைவு. மீதியிருக்கும் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று ஒவ்வொரு மெட்டாக வைத்துப் போகும் வழியை, விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இலேயே எழுதிவைத்தார். லூட் கருவிக்காக.

பிறகு அதே ஸ்கேலை வீணையின் தண்டியோரம் வைத்து நகர்த்தி நகர்த்தி அளந்தார். பன்னிரண்டாவது மெட்டு ஏறக்குறையப் பாதியில் நின்றது. மாஸ்டர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். மெழுகை விரலால் தொட்டு, "இது நகருமாம்மா?" என்றார்.

"வெயில் காலத்துல இளகிடும் சார். அப்ப ஆளைக் கூப்பிட்டு, காதாலயே கேட்டு ஒவ்வொண்ணா நகர்த்தி வைப்பாங்க. அதுக்குப் பேரு மேளம் கட்டறது."

"ஒவ்வொண்ணா நகர்த்தலாம்" என்று மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். நாற்பது வருடம் இரும்பை அளவு பிசகாமல் ராவியவர் அவர். கிட்டாரின் அசையாத கம்பிகளையும் அந்த மெழுகையும் வெகுநேரம் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கம்பிக்கு என்னம்மா பேரு சொன்னீங்க?" அத்தை சொன்னார். அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மாலை, பொன்மலைத் தாழ்வாரத்தில் அவனுக்கு முன் ஒரு புதுப் பையன் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் அவன் விரலைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அங்க இல்ல தம்பி. மூணாவது மெட்டுல வை."